முத்திருளன் துப்பாக்கி வாங்கிய கதை

உசிலம்பட்டிக்கு மேற்கே, மலை இறங்கித் தரையைத் தொடுகிற இடத்தில் ஈச்சம்பாறைப்பட்டி இருந்தது. ஊருக்கும் மலைக்கும் நடுவில் கிடந்தது முத்திருளனுடைய மானாவாரிக் காடு. மலையிலிருந்து எது இறங்கி வந்தாலும் முதலில் அவனுடைய சோளத்தை மிதித்துவிட்டுத்தான் மற்றவர்களுடைய சோளத்துக்குப் போகும். காட்டுப் பன்றி அநேகமாகத் தினமும் வந்தது. முள்வேலி போட்டான், தகரம் தட்டினான், பரண் கட்டிக் கத்தினான். பன்றிகள் அந்தச் சத்தத்துக்கெல்லாம் பழகிப்போயிருந்தன.

கரடி அப்படியில்லை. அது எப்போதாவதுதான் கண்ணில் படும். பட்டாலும் மனுச வாடை தெரிந்ததும் ஒதுங்கிவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் முத்திருளனின் தம்பி பேயாண்டி வேலிக்கு இலந்தை முள் வெட்டப் போனபோது, புற்றுக்குள் தலையைக் கொடுத்துக் கரையான் தின்றுகொண்டிருந்த கரடி அவனைக் கவனிக்கவில்லை. அவனும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தபோது நடுவில் ஒரு புதர்தான் இருந்தது. கரடி எழுந்து நின்று அவன் முகத்தில் அறைந்தது. கீழே தள்ளிக் கடித்தது. கையிலிருந்த அரிவாளால் அவன் ஒரு போடு போட, அலறிக்கொண்டு ஓடிவிட்டது.

முத்திருளன் தம்பியை வண்டியில் போட்டு உசிலம்பட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பேயாண்டி பிழைத்துக்கொண்டான். ஆனால் இடது கண் போய்விட்டது. கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டு, பேசும்போது வார்த்தையோடு காற்றும் வந்தது. திரும்பி வந்தபின் எந்நேரமும் ஒரு துண்டை முகத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். மலைப்பக்கத்துக் காட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு மலையம்மாள் என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். அவள் வீட்டார் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சை எடுப்பதையும் விட்டுவிட்டார்கள்.

"இதுக்கு மேலயும் தகரத்தைத் தட்டிக்கிட்டு இருக்க முடியாது. நான் துப்பாக்கி வாங்கப் போறேன்," என்றான் முத்திருளன்.

அந்தக் காலத்தில் அது லேசான காரியம் இல்லை. ரேகைச் சட்டம் இருந்த காலம். அவன் சாதி ஆண்கள் ஸ்டேஷனில் கைரேகை வைத்து, ராத்திரிக்கு ஆஜர் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் துப்பாக்கிக்கு மனுப் போடுவதா என்று பலர் சிரித்தார்கள். ஆனால் முத்திருளன் வாலிபத்தில், முதல் உலகச் சண்டையின்போது, பட்டாளத்தில் சேர்ந்து ஈராக்கில் பஸ்ரா வரைக்கும் போய் வந்தவன். அதனால் ஆஜரிலிருந்து அவனுக்கு விலக்கு இருந்தது. முகாம் வந்த சப் கலெக்டர் முன்னால் அவன் பட்டாளத்துக் காகிதத்தை நீட்டினான். அதை அவர் பாதிதான் படித்தார். பக்கத்தில் நின்ற பேயாண்டி துண்டை எடுத்தபோது பேனாவை எடுத்துவிட்டார். ஒரே ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தது.

அந்த 'ஒரே ஒரு' என்பதில்தான் வீட்டுக்குள் பேச்சு ஆரம்பமானது.

முத்திருளனின் மனைவி அன்னக்கொடி யோசித்துப் பேசுகிறவள். துப்பாக்கிக்காகத் தன் ஆடுகளை விற்றுத் தந்தவளும் அவள்தான். "இந்தா பாருங்க, கரடிக்குன்னு ஒரு துப்பாக்கி வாங்கிச் சுவத்துல மாட்டி வைக்க நம்ம என்ன ஜமீனா? பன்னிக்கும் ஆகணும், ஆத்திர அவசரத்துக்கு ஒரு முயலு, கௌதாரி அடிக்கவும் ஆகணும்," என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த பேயாண்டி சொன்னான். "கரடி விழுகணும் மதினி. அதுக்கு ஆகாத துப்பாக்கி எதுக்கும் ஆகாது."

அண்ணனும் தம்பியும் மதுரைக்குப் போனார்கள். டவுன்ஹால் ரோட்டை ஒட்டின சந்து ஒன்றில் மைதீன் ராவுத்தர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஸ்டவ்வும் பழுது பார்ப்பார்கள். பின்னால் கம்பிக் கதவுக்குள் துப்பாக்கி. ராவுத்தருக்கு அறுபது வயதிருக்கும். லைசென்ஸை நெருங்கப் பிடித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுக்குன்னு சொல்லுங்க தம்பி. துப்பாக்கியை அப்புறம் பாப்போம்."

"கரடிக்கு," என்றான் பேயாண்டி.

"பன்னிக்கும்," என்றான் முத்திருளன்.

பேச்சில் வந்த காற்றைக் கேட்டு ராவுத்தர் பேயாண்டியைப் பார்த்தார். துண்டு விலகியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "யா அல்லா," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உள்ளே போய் இரண்டு துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கம்பளி விரித்த மேசைமேல் வைத்தார்.

ஒன்று ரைபிள். ஜெர்மனியில் செய்தது. அதன் பிடிக்கட்டை கறுப்பேறிப் பளபளவென்று இருந்தது. மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம். முத்திருளன் அதை எடுத்துத் தோளில் வைத்தான். கன்னம் தானாகவே கட்டையில் போய்ப் படிந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. பூட்டைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினான். எண்ணெய் போட்ட இரும்பு ஒரு சத்தமும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்த பேயாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதையே எடுத்துருவோம்ணே."

"நல்ல சாமான்," என்றார் ராவுத்தர். "அஞ்சு தோட்டா உள்ள நிக்கும். காட்டெருமை, புலி, கரடி, எதுவானாலும் இருநூறு கஜத்துல விழுந்துரும். ஆனா தோட்டா மெட்ராசுலேர்ந்து ரயில்ல வரணும். ஒரு தோட்டா வாங்குற காசுக்கு ஒரு ஆளு ஒரு நாள் களை எடுப்பான். கௌதாரியை இதால சுட்டீங்கன்னா றெக்கைகூட மிஞ்சாது."

விலையைக் கேட்டபோது முத்திருளன் ரைபிளை மேசைமேல் திரும்ப வைத்தான். அந்தப் பணத்துக்கு ஒரு சோடி உழவு மாடு வாங்கிக் கிணற்றையும் ஓர் ஆள் ஆழம் தோண்டிவிடலாம். ஆடு விற்ற பணம் போக, மேற்கொண்டு மாட்டையும் விற்றால்தான் முடியும்.

மற்றது இரட்டைக்குழல் துப்பாக்கி. குழல் அளவு 'பன்னிரண்டு போர்' என்பார்கள். கட்டையில் ஒரு விரிசல் இருந்ததைச் செம்புத் தகடு வைத்து ஆணியடித்திருந்தார்கள். விலை ரைபிளில் பாதிகூட இல்லை.

"இது பாக்க அழகில்ல. ஆனா எல்லாத்துக்கும் ஆகும்," என்றார் ராவுத்தர். "சின்ன ரவைக்குண்டு போட்டா கௌதாரி, முயல். பெரிய ரவை போட்டாப் பன்னி. ஒத்தைக் குண்டுத் தோட்டா போட்டாக் கரடி. எல்லாம் இங்கனயே கிடைக்கும்."

"கரடின்னா எம்புட்டுத் தூரத்துல?" என்று கேட்டான் பேயாண்டி.

"முப்பது கஜம். அதுக்கு மேல சுட்டா அதுக்குக் கோவந்தான் வரும்."

"முப்பது கஜத்தைக் கரடி எம்புட்டு நேரத்துல தாண்டும்னு தெரியுமா ராவுத்தரே?"

"தெரியாது தம்பி. நான் கரடியைக் கண்ணால பாத்ததில்ல. பாத்தவரு நீங்க. உங்க பேச்சைத் தட்டி நான் யாவாரம் பண்ண மாட்டேன்."

முத்திருளன் ரைபிளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "குறி தப்பிட்டா இதோட குண்டு எங்க போய் நிக்கும்?" என்று கேட்டான். பதில் அவனுக்கே தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ஒரு மைலு போகும். அதுக்கு மேலயும் போகும்."

சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இருவரும் வெளியே வந்தார்கள். கிளப்புக் கடையில் இட்லி வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார்கள். முத்திருளனுக்கு பஸ்ராவுக்கு வடக்கே ஒரு முகாமில், சண்டை நடக்கிற இடத்திலிருந்து வெகு தூரத்தில், தண்ணீர்த் தோல்பையைச் சுமந்து வந்த ஒருவன் நடந்தபடியே சரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. அவனை யாரும் குறி வைக்கவில்லை. எங்கேயோ சுட்டது அவனைத் தேடி வந்து சேர்ந்துவிட்டது. பன்றி வருகிற நேரத்தில் முத்திருளன் பரணில் இருப்பான். பன்றிக்குப் பின்னால் ஒரு நாள் மலை இருக்கும். ஒரு நாள் ஊர் இருக்கும். ஆட்டுக்கிடை போட்ட கீதாரிகள் இருப்பார்கள். இருட்டில் எது எங்கே என்று யார் பார்ப்பது?

இதைத் தம்பியிடம் சொன்னான்.

"உனக்குப் பன்னிதாண்ணே பெருசாப் போச்சு," என்றான் பேயாண்டி.

"பன்னி தெனமும் வருதுடா. கரடி என்னைக்கோ ஒரு நாள்."

"என்னைக்கோ ஒரு நாள் வந்ததுதான் இது." பேயாண்டி துண்டை உருவி மடியில் போட்டான். கடையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "நாளைக்கு அது உன் முன்னால வந்தா, முப்பது கஜத்துக்கு வரட்டும்னு பாத்துக்கிட்டு நிப்பியா? அம்புட்டுக் கிட்டத்துல அதைப் பாக்குறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரியும்."

தம்பி சொன்னது முழுக்க நியாயம். முத்திருளன் மனதில் இருந்ததும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு லைசென்ஸ்தான் இருந்தது.

அவன் இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேயாண்டி வேறு பலகையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதன்பிறகு வந்த விளைச்சலில் துப்பாக்கி தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே இரண்டு பன்றி விழுந்தன. பன்றிக்கூட்டம் அந்தக் காட்டை விட்டு ஓடைக்கு அந்தப்பக்கம் ஒதுங்கியது. ஊரில் எல்லாருக்கும் கறி போயிற்று. அறுவடைக்கு அன்னக்கொடி முன்பு நிரப்பாத தானியக் குலுக்கையைக்கூட நிரப்பினாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள், "முத்திருளண்ணே, இன்னைக்கு எங்க பக்கம் வந்து உக்காருங்க," என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பேயாண்டி அந்தக் கறியை மட்டும் சாப்பிடுவதில்லை. கேட்டால் பல் இடுக்கில் மாட்டுகிறது என்பான்.

துப்பாக்கியோடு வெளியே போகும்போதெல்லாம் முத்திருளன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வலது குழலில் எது வேண்டுமானாலும் போடுவான். இடது குழலில் எப்போதும் ஒற்றைக் குண்டுதான். எல்லாத்துக்கும் ஆகிற துப்பாக்கியில் ஒரு சங்கடம் உண்டு. எது வரும் என்று நினைத்துத் தோட்டா போடுகிறோமோ அது வராமல் வேறொன்று வந்து நிற்கலாம்.

ஒரு நாள் அவனும் அன்னக்கொடியும் ஓடைக்கரையில் நிற்கும்போது, எதிர்ச்சரிவில் கரடி தெரிந்தது. இலந்தைப் புதரை வளைத்துப் பழத்தை உதட்டால் உருவித் தின்றுகொண்டிருந்தது. இருநூறு கஜம் இருக்கும். அதற்குப் பின்னால் வெறும் பாறை.

"எட்டுமா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"எட்டாது."

அந்தத் துரையின் ரைபிள் கையில் இருந்தால், பாறையில் சாய்ந்துகொண்டு, மூச்சை விட்டு, ஒரே குண்டில் முடித்திருப்பான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கரடி தின்று முடித்து, புட்டத்தை ஆட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலை. ஆவாரஞ்செடிக்குள் கௌதாரி கத்துவதைக் கேட்டு முத்திருளன் துப்பாக்கியோடு போனான். கூட்டம் எழும்பியதும் வலது குழலைச் சுட்டான். ஒரு பறவை விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது பக்கத்துப் புற்றுக்குப் பின்னாலிருந்து கரடி எழுந்தது. வெடிச் சத்தத்தில் மிரண்டிருந்தது. நேராக அவனை நோக்கி வந்தது.

தம்பி சொன்னது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது கஜம் என்பது ஒன்றுமே இல்லை. கரடி ஓடி வருவதாகத் தோன்றவில்லை. பெரிதாகிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றியது. நெஞ்சில் வெள்ளைக் கோடு தெரிந்தது. அதைப் பார்த்து இடது குழலைச் சுட்டான். கரடி குட்டிக்கரணம் போட்டு உருண்டது. உடனே எழுந்தது. ஒரு மனுசன் அழுவதுபோல அலறிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி ஓடைக்குள் இறங்கி மறைந்துவிட்டது.

முத்திருளன் வெறும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போய்ப் பார்த்தான். புல்லில் ரத்தம் இருந்தது. கோடு போட்டதுபோல் ஓடைக்குள் போனது.

அந்த ஓடைக்குத்தான் ஊர்ப் பெண்கள் விறகுக்கு வருவார்கள். அடிபட்ட கரடியை அங்கே விட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார முடியாது. ஊருக்கு ஓடி, யாரையும் ஓடைப்பக்கம் விடாதே என்று அன்னக்கொடியிடம் சொல்லிவிட்டு, குண்டுத் தோட்டாக்களை மடியில் கட்டினான். கொட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பேயாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மார்லதான் பட்டுச்சா?"

"மார்லதான். கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும்."

"ரைபிளா இருந்திருந்தா?"

முத்திருளன் நின்றான். "அம்புட்டுக் கிட்டத்துல எதுவா இருந்தாலும் ஒரு வெடிதான்டா. ஆனா போன வருசமே எதிர்ச்சரிவுல நின்னுச்சு. ரைபிளா இருந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இன்னைக்கு இந்தத் தொந்தரவு இல்ல."

பேயாண்டி இதை எதிர்பார்க்கவில்லை. அண்ணன் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வான், தான் சண்டை போடலாம் என்று நினைத்திருந்தான். வாளியைக் கீழே வைத்தான். கூரையில் செருகியிருந்த வேல்கம்பை உருவினான்.

"நீ வர வேணாம்டா."

"ரெண்டு வெடி வெடிச்சுட்டு மறுபடி தோட்டா போடுற நேரத்துக்கு உன் முன்னால ஆரு நிப்பா? நான் வாரேன்."

கரடி அடித்த நாளுக்குப் பிறகு பேயாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஓடைக்குள் இறங்கும்போது அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டு நனைந்து முகத்தில் ஒட்டியது. இடைஞ்சலாக இருக்கவே அவிழ்த்து ஒரு செடிமேல் போட்டுவிட்டு நடந்தான். முத்திருளன் ரத்தத்தைப் பார்த்து நடந்தான். பேயாண்டி ஒற்றைக் கண்ணால் புதர்களைப் பார்த்து வந்தான். நீரோட்டம் வளைகிற இடத்தில் ஒரு முனகல் கேட்டது.

கரடி ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தது. அவர்களைப் பார்த்து எழ முயன்றது, பின்கால் வழுக்கியது. முத்திருளன் துப்பாக்கியைத் தம்பி பக்கம் நீட்டினான். லைசென்ஸ் தன் பேரில் என்பதெல்லாம் அப்போது அவன் நினைவில் இல்லை.

பேயாண்டி வாங்கிக்கொள்ளவில்லை. "சுடுண்ணே. அது கஷ்டப்படுது," என்றான்.

இரண்டு குழலும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஓடை முழுக்கப் புகை நின்று மெல்லக் கலைந்தது. கல்லை எறிந்து பார்த்துவிட்டுக் கிட்டே போனார்கள். வயதான கரடி. பல் தேய்ந்திருந்தது. பேயாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் நகத்தைத் தொட்டுப் பார்த்தான். தோளிலும் கழுத்திலும் முடியை விலக்கித் தன் அரிவாள் பட்ட தழும்பு இருக்கிறதா என்று தேடினான். அங்கங்கே பல பழைய தழும்புகள் இருந்தன. அதில் எது அரிவாள், எது வேறு கரடி, எது பாறை என்று சொல்ல வழியில்லை.

"அதுதானாடா?" என்று கேட்டான் முத்திருளன்.

"தெரியலண்ணே. அன்னைக்கு நான் அதோட வாயை மட்டுந்தான் பாத்தேன்."

ஊர்க்காரர்கள் கூடிவந்து கரடியைக் கழியில் கட்டித் தூக்கினார்கள். கூட்டத்தில் மலையம்மாளும் அவள் அம்மாவும் நின்றார்கள். செடியில் கிடந்த துண்டைப் பேயாண்டி மறந்தே போயிருந்தான். துண்டில்லாத அவன் முகத்தை மலையம்மாள் முதல் முறையாக நன்றாகப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தை மாதம் அவளே தன் அப்பனிடம், "பேசினது பேசினதுதானே, எப்ப வைக்கப் போறீங்க?" என்று கேட்டாளாம். கல்யாணம் மாசியில் நடந்தது.

அடுத்த பட்டத்துக்கு மலையோரக் காட்டைப் பேயாண்டிதான் உழுதான். ரைபிள் பேச்சை அவன் அதன்பிறகு எடுக்கவில்லை. அதற்காகத் துப்பாக்கியைப் புகழவும் இல்லை. யாராவது முத்திருளனிடம் வந்து எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டால், "எதை வாங்கினாலும் ஒன்னு குறையும். எது குறைஞ்சாத் தாங்குவேன்னு யோசிச்சு வாங்கு," என்பான்.

இரண்டாவது உலகச் சண்டை வந்தபோது மதுரையில் தோட்டா கிடைப்பது நின்றுபோனது. ராவுத்தர் கையை விரித்தார். துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டிவிட்டு, அண்ணனும் தம்பியும் மறுபடியும் தகரத்தை எடுத்தார்கள். பன்றிகள் திரும்பி வந்து தங்கள் பங்கைத் தின்றன. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சண்டை முடிந்து தோட்டா வரத் தொடங்கியபோது முத்திருளனுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. குறி தெரியாதவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று, யாரும் சொல்லாமல் அவனே உசிலம்பட்டிக்குப் போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். துப்பாக்கியைக் கம்பம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் தன் வெள்ளாமைக் காவலுக்கு வாங்கிப்போனார்.

அதன்பிறகும் பல வருஷம் முத்திருளன் காட்டுக் காவலுக்குப் போனான். பரணில் பேயாண்டியின் குரல் ஒரு பக்கம், அவன் குரல் ஒரு பக்கம். பேயாண்டி கத்தும்போது பாதி காற்றாகத்தான் வரும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பன்றிகள் கொஞ்சம் பயப்படத்தான் செய்தன என்று அன்னக்கொடி சொல்வாள். பேயாண்டி அதைக் கேட்டுச் சிரிப்பான்.